மாமா சொன்ன ஸ்டாப்பு

என் அக்காவின் கணவர், அதாவது என் மாமா, ஒரு காலத்தில் ஓயாத வாய்க்காரர். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிப் போவது தொழில். இருபத்திரண்டு வருஷம். கட்டிலை எந்தப் பக்கம் சாய்த்தால் வாசலில் நுழையும், பீரோக் கண்ணாடிக்கு எதை முட்டுக் கொடுக்கணும் என்று பேசிக்கொண்டேதான் தூக்குவார். சாமானின் சொந்தக்காரர்களே காதைப் பொத்திக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார்கள். அக்காவும் கூடப் போவாள். பாத்திரம் பண்டங்களைக் கட்டுவது அவள் பொறுப்பு.

அது பழைய டீசல் வண்டி. சாவியைத் திருப்பினால் மட்டும் இன்ஜின் நிற்காது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குமிழ் உண்டு. அதைப் பிடித்து இழுத்தால்தான் அடங்கும். வீட்டு வாசலுக்கு வந்ததும் மாமா கையைக் கட்டிக்கொண்டு, “இழு” என்பார். அக்கா இழுப்பாள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த விளையாட்டு. பேரன் எடுக்கும் வயசிலும் இது தேவையா என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், வாசலில் வந்து நின்ற வண்டிக்குள் மாமா “இழு” என்று சொல்லவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அக்காவே குமிழை இழுத்து இன்ஜினை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக் காரில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள். பக்கவாதம். ஒரு கையும் ஒரு காலும் விழுந்துவிட்டன. பேச்சில் “ஆமா”வும் “தண்ணி”யும் மட்டும் மிச்சம். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் விட்டோம்.

நான் கணக்கு வாத்தியார். எதற்கும் உடனே விடை கண்டுபிடித்துக் கோடு போட்டுவிடுகிற ஆள். பேச்சோடு மாமாவின் புத்தியும் போய்விட்டது என்று கோடு போட்டுவிட்டேன். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவேன். அக்கா மட்டும் அப்படிப் பேச மாட்டாள்.

மாமா விழுந்த பிறகு ஐந்து வருஷமும் அவள் வேறொருவரிடம் கூலிக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம், நாற்பத்தொன்பது வயதில், யாரிடமும் சொல்லாமல் வண்டி ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அதே வாரம் வீட்டுச் சொந்தக்காரர் கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

“கிளம்பிடுச்சுன்னா என் தொழிலை நானே பாத்துப்பேன்டா. இல்லைன்னா சாகுற வரைக்கும் அடுத்தவன் சாமானைக் கட்டிக்கிட்டு கிடக்க வேண்டியதுதான்” என்றாள்.

தெருமுனை மெக்கானிக்கை அழைத்து வந்தேன். ஊருக்கே அவர் ஸ்பேனர்தான். உண்மைப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். காற்று வடிகட்டியில் குடியிருந்த எலிக் குடும்பத்தையே காலி செய்தார். டேங்கில் பசை மாதிரி ஆகிவிட்டிருந்த டீசலை வடித்துக் கழுவினார். புது பேட்டரி, புது ஆயில், புது ஃபில்டர். மாமாவைக் கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை முதல்முறையாகச் சாவியைத் திருப்பினார் ஸ்பேனர். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. அப்போது மாமாவின் குரல் கேட்டது.

“ஸ்டாப்பு.”

ஐந்து வருஷத்தில் முதல் புதுச் சொல். அக்காவின் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. மாமா நல்ல கையால் காற்றைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். போங்க, போங்க என்பது போல. “ஸ்டாப்பு. ஸ்டாப்பு.” சந்தோஷப்பட்ட அக்காவின் முகம் அடுத்த நிமிஷமே சுருங்கிவிட்டது.

சனிக்கிழமையும் அதே கதை. ஒவ்வொரு முறை சாவி திரும்பும்போதும் அவர் கத்தினார். இன்ஜினுக்குப் போகும் டீசல் குழாய்களை ஸ்பேனர் தளர்த்திப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை.

“பம்பு போச்சு தம்பி. இதுக்குச் சாமான் தேடினா மாசக்கணக்காகும்.”

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. “மாமாவை உள்ள கூட்டிட்டுப் போக்கா. சும்மா கத்திக்கிட்டே இருக்காரு.”

அக்கா என்னை முறைத்துவிட்டு அவர் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். “என்னங்க, நான் ஓட்டறது பிடிக்கலையா? உங்களை விழவச்ச வண்டின்னு கோவமா? பிடிக்கலைன்னா சொல்லுங்க, இப்பவே இரும்புக்குப் போட்டுடறேன்.”

மாமாவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது; ஆத்திரத்தில் வந்த தண்ணீர். அவளுடைய கையைப் பிடித்து, விரல்களை மடக்கி, தன் பக்கமாக ஒருமுறை இழுத்தார். பிறகு அதே கையை முன்னால் தள்ளினார். “ஸ்டாப்பு” என்றார், மெதுவாக, மக்குப் பையனுக்குச் சொல்வது போல.

அக்கா தன் மடங்கிய விரல்களைப் பார்த்தாள். “நான் இழுத்தது” என்றாள். “அன்னைக்கு நான் இழுத்தது.”

ஸ்பேனர் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ, எங்காளுங்க அந்தக் குமிழை ஸ்டாப்புன்னுதான் சொல்லுவாங்க. நான் முதல் நாளே தள்ளி வச்சிட்டேனேக்கா.” சொல்லிக்கொண்டே ஓடிப்போய் இன்ஜினுக்குள் டார்ச் அடித்தார். குமிழ்தான் உள்ளே போயிருந்தது. அதிலிருந்து பம்புக்குப் போகும் கம்பி துருப்பிடித்து நடுவில் அறுந்து கிடந்தது. டீசலை மறிக்கும் சின்ன நெம்புகோல், அக்கா அன்று இழுத்த இடத்திலேயே ஐந்து வருஷமாக நின்றுகொண்டிருந்தது. 

எண்ணெய் விட்டு விரலால் அதைத் தள்ளினார். இன்ஜினைச் சுற்றவிட்டதும் தளர்த்திய குழாயில் டீசல் பீய்ச்சியது. குழாய்களை முடுக்கிவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினார். இன்ஜின் இரண்டு முறை இருமி, கொட்டகை முழுக்கக் கரும்புகை கக்கி, பிறகு நிதானமாக ஓட ஆரம்பித்தது. தகரமெல்லாம் அதிர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வண்டியைப் பார்த்து அல்ல. நாங்கள் இருவர் தலையை உள்ளே விட்டும் தெரியாததை, பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தபடி, சத்தத்தை வைத்தே கண்டுபிடித்த மனிதரைப் பார்த்து. ஐந்து வருஷமும் அவர் முழுசாக உள்ளேதான் இருந்திருக்கிறார். நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு.

அவர் முன்னால் போய் நின்றேன். “மன்னிச்சுடுங்க மாமா” என்றேன். “ஆமா” என்றார், சிரித்துக்கொண்டே.

மறுநாள் ஸ்பேனர் புதுக் கம்பி மாட்டினார். மாமாவைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தோம். அக்கா தெருவை நாலு சுற்று சுற்றி வந்து வாசலில் நிறுத்தினாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

“இழுங்க” என்றாள்.

மாமா நல்ல கையை எட்டிக் குமிழைப் பிடித்தார். பிடித்தவர் இழுக்கவில்லை. உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா கட்டிய கையைப் பிரிக்கவில்லை. நிறுத்தச் சொல்ல எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை.