சென்னீர்குப்பம் மண்டபத்தில் பார்த்த சர்க்கஸ்

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இது அதிகப்பிரசங்கித்தனம் என்று பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கம் கிடையாது. அந்தரத்தில் தொங்குகிற எதைப் பற்றியும் எனக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருடமாக அதுதான் என் வேலை. கனமான இரும்புச் சாமானுக்கு பெல்ட் கட்டி, கிரேன் கொக்கியில் மாட்டி, கையால் சைகை காட்டுவேன். மேலே இருக்கும் கிரேன் டிரைவர் என் கையைப் பார்த்துத்தான் தூக்குவார், இறக்குவார். மிஷின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. பேச வேண்டியதில்லை என்பதாலேயே எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது.

வெள்ளானூரில் எங்கள் மாடி வீட்டுக்காரர்களுக்கு இரண்டு பாஸ் வந்திருந்தது. அவர்களால் போக முடியாததால் என் மனைவியிடம் கொடுத்தார்கள். நாங்கள் இருவருமே அதுவரை சர்க்கஸ் பார்த்ததில்லை. கூடாரம், யானை, கோமாளி என்று நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். சென்னீர்குப்பத்தில் இறங்கிப் பார்த்தால் ஏசி போட்ட கல்யாண மண்டபம்.

"இன்னாங்க, யார் ரிசப்ஷனுக்கோ வந்துட்டோமா? மொய் கவர் கூட எடுத்தாரலையே" என்றாள்.

உள்ளே ஒரு மிருகமும் இல்லை. வயலின் இசைக்கு ஒருவர் ஒற்றைக் கையில் தலைகீழாக நின்றார். ஏழு பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிக் கோபுரமானார்கள். பிறகு நீல உடையில் ஓர் இளம்பெண் வந்தாள். மேடைக்கு மேலே கட்டியிருந்த இரும்புச் சட்டத்திலிருந்து நீளமான சிவப்புத் துணி இரண்டு தொங்கின. அவற்றைக் காலில் சுற்றிக்கொண்டு, இரண்டு கையையும் விட்டாள். மேடை ஓரத்தில் கறுப்பு பனியன் போட்ட ஒருவர் சுவிட்சை அழுத்த, வின்ச், அதாவது பாரம் தூக்கும் மோட்டார், அவளை மெல்ல மேலே தூக்கியது. அவள் ஊஞ்சல் போல ஆடினாள்.

என்னால் உட்காரவே முடியவில்லை. எங்கள் வேலையில் தொங்குகிற சாமான் ஆடவே கூடாது. ஆடினால் கட்டியவனுக்குத் திட்டு விழும். இங்கே ஆடுவதுதான் வேலை என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு பார்த்தேன்.

அப்போது மேலேயிருந்து உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக ஏதோ மேடையில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. டயர் ரப்பர் துண்டு. பெல்ட்டை இரும்பின் கூர்மையான விளிம்பில் அப்படியே போட்டால் அறுந்துவிடும் என்று இரண்டுக்கும் நடுவில் வைப்போமே, அந்தத் துண்டு. அது கீழே கிடக்கிறதென்றால் மேலே சட்டத்தில் அவள் துணியைத் தாங்குகிற பெல்ட் வெறும் இரும்பில் உராய்கிறது. அந்தப் பெண்ணோ இரண்டு ஆள் உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

நான் எழுந்தேன்.

"எங்க போறீங்க? குந்துங்க, பின்னாடி மறைக்குது" என்று மனைவி சட்டையைப் பிடித்தாள்.

வரிசையை விட்டு வெளியே வந்து, வின்ச்காரருக்கு நேராக மேடைக்குக் கீழே நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினேன். உடனே நிறுத்து என்று அர்த்தம். அந்தச் சைகையைப் பார்த்தால் ஏன் என்று கேட்கக் கூடாது. முதலில் நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும். அவர் தொழில் தெரிந்தவர். விரல் சுவிட்சிலிருந்து விலகியது. பிறகு உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக அசைத்தேன். பூப்போல இறக்கினார். நானும் ஆட்டக்காரன் என்று நினைத்து சனங்கள் கைதட்டினார்கள்.

"இன்னா அண்ணாத்தே, இன்னா ஆச்சு?" என்று வின்ச்காரர் ஓடிவந்தார். நான் ரப்பரைக் காட்டினேன். எடுத்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"நான்தான் வெச்சேன். டேப்பு சுத்தாம உட்டுட்டேன்" என்றார்.

சின்ன இடைவேளை என்று மைக்கில் சொன்னார்கள். அவர் ஏணி வைத்து ஏறி, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நூல் பிரிந்து கிடந்தது. அந்தப் பெண் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து அதைத் தடவிப் பார்த்தாள். வின்ச்காரரை விட்டுவிட்டு என்னைக் கேட்டாள்.

"அங்கிள், திரும்ப ஏறலாமா? பயமா இருக்கு. ஆனா இப்ப ஏறலைன்னா இனிமே எப்பவும் ஏற மாட்டேன்."

"புது பெல்ட் போடணும்" என்றேன். "ரெண்டு ரப்பர் வெச்சு டேப் சுத்தணும். முதல்ல ஒரு அடி தூக்கி நிறுத்தணும். நான் பார்க்கணும். அப்புறம் ஏறும்மா, ஒண்ணும் ஆகாது."

"சேஃப்டி ஆபீசரே ஷோ பார்க்க வந்துகீறாருடா" என்றார் வின்ச்காரர் தன் ஆட்களிடம். ஆனால் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார்.

விளக்கு மறுபடி எரிந்தது. அவளை ஓர் அடி தூக்கி நிறுத்தினார்கள். பெல்ட்டைப் பார்த்தேன், விளிம்பைப் பார்த்தேன். ரப்பர் அசையவில்லை. அவள் துணியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபம் முழுக்க என்னைப் பார்ப்பது முதுகில் உறைத்தது. ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினேன். அவள் ஏறினாள்.

உச்சிக்குப் போனதும் துணியை இடுப்பில் சுற்றி, காலை விடுவித்துக்கொண்டு அப்படியே உருண்டு கீழே வந்தாள். தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது துணி அவளைப் பிடித்து நிறுத்தியது. சுற்றிலும் அலறினார்கள். நான் அலறவில்லை. துணி பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெல்ட் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் பெல்ட்டைப் பார்க்கவில்லை. மேடைப் படியில் உட்கார்ந்து அவளை மட்டும் பார்த்தேன். ஒரு சாமான் இவ்வளவு அழகாக ஆடலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பஸ்ஸில் மனைவி ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கல்யாண ஊட்டுல இன்னொரு அப்பளம் கேட்க கூச்சப்படுவீங்க. இன்னைக்கு அத்தினி பேர் முன்னாடி கையை விரிச்சிகினு நின்னீங்க."

"அப்பளம் எனக்கு. இது அந்தப் பொண்ணுக்கு" என்றேன்.

மறுநாள் முதல் ஷிஃப்ட். லாரியில் வந்திருந்த ஆறு தகட்டுச் சுருள்களை ஒன்றுகூட ஆடாமல் மதியத்துக்குள் இறக்கி முடித்தோம்.