ஊதாத் தண்ணீரில் அம்மாவின் கைகள்

என் மாமா ஊட்டியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். குடுவைகளைக் கழுவுவதும் பாட்டில்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவதும்தான் வேலை. ஆனால் குன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்துவிட்டால் அவர்தான் விஞ்ஞானி. அம்மாவுக்கு ஒரே தம்பி. ஒரே அறையான எங்கள் காம்பராவில் அவருக்கும் அவருடைய விஞ்ஞானத்துக்கும் எப்போதும் இடம் இருந்தது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் லயத்துத் தண்ணீர்த் தொட்டி கலங்கி நாலைந்து வீடுகளில் வயிற்றுப்போக்கு வந்தது. மாமா மருந்துக் கடையில் ஒரு சின்ன டப்பா வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே கறுத்த ஊதாவில் மினுமினுக்கும் பொடிப்பொடிக் கற்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்றார். அவர் சொன்ன விதத்தில் அது ஏதோ வெளிநாட்டு மந்திரியின் பெயர் போல இருந்தது.

தொட்டியில் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வித்தை காட்டினார். கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர். அதில் ஒரே ஒரு கல். அது நூல் நூலாக ஊதாவை விட்டபடி அடியில் போய் உட்கார்ந்தது. கலக்கியதும் தண்ணீர் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு வைட்டமின் சி மாத்திரையை எடுத்து நசுக்கிப் போட்டார். நிறம் போன இடம் தெரியவில்லை.

"இதுவும் ஒரு உப்புதான் பாப்பா. தன்கிட்ட இருக்கிற ஆக்சிஜனை அள்ளிக் குடுத்துரும். கிருமியெல்லாம் தாங்காது. எங்க லேப்ல தண்ணியில எவ்வளவு இரும்பு கரைஞ்சிருக்குன்னு இத வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்க."

இதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்றுதான். அழுக்கு எதுவாக இருந்தாலும் இந்த ஊதாப் பொடி தின்றுவிடும். எனக்கு அப்போது அப்படி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது.

அம்மா கொழுந்து எடுப்பவள். தேயிலைச் சாறு படிந்து படிந்து அவள் விரல்கள் நுனியிலிருந்து பாதிவரை கறுத்திருக்கும். சோப்புக்கும் தேங்காய் நாருக்கும் அது அசையாது. லயத்தில் எல்லா அம்மாக்களின் கையும் அப்படித்தான் இருந்ததால் அதை நான் கவனித்ததே இல்லை. அந்த வருடம்தான் என்னைக் குன்னூரில் இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், வெலிங்டனிலிருந்து வரும் என் வகுப்புக்காரி ஒருத்தி அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, "உங்க மம்மி கையில என்ன?" என்று கேட்டாள்.

"மருதாணி" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே, "ஆமாம்மா, மருதாணிதான்" என்றாள். பஸ் வரும்வரை கை இரண்டையும் ஸ்வெட்டருக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஆண்டு விழா. கையெழுத்துக்கு எனக்குப் பரிசு. பரிசு வாங்குகிறவர்கள் அம்மாவோடோ அப்பாவோடோ மேடை ஏற வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். சேதி கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. கங்காணியிடம் லீவு சொன்னாள். நீலப் புடவையை நாலாக மடித்துப் பாய்க்கடியில் வைத்தாள். நானோ மேடையில் அந்த விரல்கள் என் பரிசைப் பிடிப்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம், மாமா வைத்துவிட்டுப் போன டப்பாவை எடுத்து, அதில் மிச்சம் இருந்ததை எல்லாம் ஒரு குண்டாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் மை போல ஆனது. அம்மா வேலை முடிந்து வந்ததும், "கையை இதுல வைம்மா, கறையெல்லாம் போயிரும், மாமா சொன்னாரு" என்றேன். மாமா அப்படிச் சொல்லவே இல்லை.

அம்மா குண்டாவைப் பார்த்தாள். அப்புறம் என்னை.

"எதுக்கு? நாளைக்கு விழாவுக்கா?"

தலையாட்டினேன்.

அவள் உட்கார்ந்து வளையல்களை மேலே தள்ளிக்கொண்டு, இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை உள்ளே விட்டாள். நான் எண்ண ஆரம்பித்தேன். நூறு வந்ததும் கையை வெளியே எடுத்தாள். ஊதா இறங்க இறங்கப் பழுப்பு ஏறியது. விரல், நகம், உள்ளங்கை, ஒரு இடம் பாக்கியில்லை. துருப்பிடித்த தகரம் மாதிரி இருந்தது.

நான் ஓவென்று அழுதேன். மாமாவின் மாத்திரை நினைவுக்கு வந்து அலமாரியெல்லாம் தேடினேன். அவர் கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தார். அம்மா புறங்கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாத. இந்தக் கையோட மேடைக்கு வந்தா நல்லா இருக்காது. நீ அப்பாவைக் கூட்டிட்டுப் போ."

அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அது நின்ற வேகம் எனக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் அப்பா கல்யாணத்துக்குப் போடும் சட்டையில் வந்தார். தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் அவர் கையை யாரும் பார்க்கவில்லை. வீடு திரும்பியபோது நீலப் புடவை பெட்டிக்குள் போயிருந்தது. அம்மா பாயசம் வைத்திருந்தாள். எப்படிக் கூப்பிட்டார்கள், எப்படி நடந்தாய், யார் கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டச் சொன்னாள். கட்டிலை மேடையாக்கி நான் ஏறி நின்றேன். அந்தப் பழுப்புக் கைகள் பெரிதாகக் கைதட்டின.

அடுத்த வாரம் மாமா வந்தார். கையைப் பார்த்ததும் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன்க்கா, பாப்பாவுக்குத்தான் தெரியாது. உனக்குமா தெரியாது? எனக்கு அம்மை போட்டப்போ இந்தத் தண்ணியிலதானே நீ என்னைக் குளிப்பாட்டுன? பத்து நாளு உன் கை இப்படித்தானே இருந்துச்சு!"

"மறந்து போச்சுடா" என்றாள் அம்மா. "நீ சாப்பிட உக்காரு."

அவள் எதையும் மறக்கவில்லை என்று விளங்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. அன்றைக்கு நான் அம்மாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டதாகவே நம்பிக் கவலைப்பட்டேன். அதற்குப் பிறகு நெடுநாள், காலையில் அவள் மலைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலுக்கு ஓடிப்போய், "கூடை எடுத்தியாம்மா, சோத்து டப்பா எடுத்தியாம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளும் ஒவ்வொரு நாளும் நின்று, திரும்பிப் பார்த்து, "நல்லவேளை ஞாபகப்படுத்துன" என்று சொல்லிவிட்டுப் போவாள்.