டாக்டரிடம் சொல்லாத கசாயம்

கல்லூரிக்கு முந்தைய ஆறாம் பாரத்தில் உயிரியல் படித்த திமிர் எனக்கு. ஈப்போவில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, விடுமுறைக்கு ஆயர் தாவார் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுவதற்கும் பாடம் நடத்துவேன். எழுபதுகளில் அங்கே அவ்வளவு படித்த பெண் நான் ஒருத்திதான். வாயைப் பிளந்து கேட்பார்கள்.

பால் வெட்டும் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஆஸ்பத்திரி மாத்திரை போதாதென்று பக்கத்து வீட்டு அக்கா நிலவேம்பு பறித்துக் கொடுத்தார். கசாயம் போட்டுக் குடிக்கலாமா என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"ஒடம்புல கோடிக்கணக்கான செல் இருக்கும்மா. சக்கரை அதுக்குள்ள போயி எரிஞ்சாத்தான் பலம். இந்தச் சாறு அத உள்ள தள்ளிவிடும்" என்றேன். கடைசி வாக்கியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானாக அடித்துவிட்டது.

அன்றுமுதல் விடியுமுன் வெறும் வயிற்றில் மாத்திரை, மேலே ஒரு டம்ளர் கசாயம். அப்படியே வேலைக்கு ஓடுவாள். சாப்பாடு பத்து மணிக்கு மேல்தான். ஒரு மாதத்தில் ரப்பர் நிரையில் வியர்த்துக் கொட்டி விழுந்தாள். கள் குடித்திருக்கிறாள் என்றான் வேலையை மேற்பார்க்கும் மண்டோர், பாவி.

ஆஸ்பத்திரியில் நான்தான் மொழிபெயர்த்தேன். வேறு இலை, வேர் ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். எங்களுக்கு முன்னால் போன ஒரு பெரியவரை இதற்காகவே காட்டுமிராண்டி என்று திட்டியிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. இல்லை என்றேன். வேளைக்குச் சாப்பிடச் சொல்லி, அதே மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்.

பஸ்ஸில் அம்மா கேட்டாள். "கசாயம் குடிக்கிறத சொன்னியா?"

"சொன்னேன்."

"குடிக்கலாம்னாரா?"

"ம். குடிக்கலாம்னாரு."

மூன்றாம் வாரம் மறுபடி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டால் மூளையின் செல்களுக்கு எரிக்க ஒன்றும் இருக்காது என்று பிற்பாடு கல்லூரியில் படித்தேன். பரீட்சையில் நன்றாகவும் எழுதினேன். மானங்கெட்ட தேர்ச்சி.

இழவு வீட்டில் எல்லாரும் பக்கத்து வீட்டு அக்காவைத்தான் முறைத்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான் கொடுத்த எலதானான்னு பயமா இருக்குலா. மொத தடவ விழுந்தப்பவே வேணாம்க்கா, நிப்பாட்டுங்கன்னுதான் நானும் சொன்னேன். 'டாக்டரே குடிக்கலாம்னாரு, எம் மக இங்கிலீசுல எல்லாத்தையும் சொல்லிட்டா'ன்னு லயம் பூரா பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. நீ சொன்னதான?"

"சொன்னேன்க்கா" என்றேன்.