சரிவு பார்த்து நிறுத்துகிறவர்

தையல் மெஷின் ரிப்பேர்காரரைக் கடைத்தெருவில் எல்லோரும் 'மேட்டு சார்' என்றுதான் சொல்வார்கள். மனிதர் கர்வம் பிடித்தவர் இல்லை, காரை மேட்டில்தான் நிறுத்துவார், அவ்வளவுதான். வேலை இரண்டாவது தெருவில் என்றால் கார் நான்காவது தெருவின் சரிவில் இறக்கத்தைப் பார்த்தபடி நிற்கும். முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, பத்துக் கிலோ கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். கிளம்பும்போது கல்லை எடுத்து, வண்டியை உருளவிட்டு, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

முப்பது வயதான காருக்குச் செல்ஃப் எடுக்காத வியாதி. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் பாய்ந்து போய், எஞ்சினின் பெரிய சக்கரத்துப் பல்லைக் கவ்வ வேண்டும். சில நாள் சமர்த்தாகக் கவ்வும். சில நாள் 'கரகர' என்று பல்லைக் கடிக்கும். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் முதலில் பேட்டரியைக் குறை சொன்னார். பிறகு வயரை மாற்றினார். பிறகு மோட்டாரைக் கழற்றி, கவ்வுகிற சின்னச் சக்கரத்தையே புதிதாகப் போட்டார். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பழைய குருடி கதைதான். அதற்கு மேல் யாரிடமும் காட்ட அவருக்கு மனசில்லை. மேடு இருக்கும்போது மெக்கானிக் எதற்கு என்று இருந்துவிட்டார்.

தங்கை வீட்டுப் பக்கம்தான் மேடு இல்லை. அது ரயில்வே யார்டுக்குப் பின்னால், தாம்பாளம் மாதிரி தட்டையான தெரு. மனைவி இறந்த பிறகு அவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கேதான். தங்கை பேசிக்கொண்டே பரிமாறுவாள். அவள் கணவரான மாப்பிள்ளை பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இந்த வாரம் எத்தனை மெஷின் என்று கேட்பார். சாயங்காலம் வரை பொழுது போவதே தெரியாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வண்டி கரகரத்தது. மாப்பிள்ளை பின்னால் போய்த் தள்ளினார். நாலாவது தள்ளலில் எஞ்சின் பிடித்தது, வண்டி சட்டென்று முன்னால் போனது, மாப்பிள்ளை குப்புற விழுந்தார். முழங்காலில் ஏழு தையல். மனுஷர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். தங்கை மட்டும் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, அண்ணனை நிமிர்ந்து பார்க்காமல் ஒன்று சொன்னாள்.

"அடுத்த தடவை பஸ்ல வாண்ணா."

அந்த வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த ஞாயிறு வேலை இருக்கிறது என்றார். அதற்கடுத்த ஞாயிறு தலைவலி என்றார். பஸ் இல்லாமல் இல்லை, அவர் வீட்டு முனையிலிருந்தே அரைமணிக்கு ஒன்று போகிறது. ஏற மனம் வரவில்லை. போனில் 'நல்லா இருக்கியா', 'இருக்கேன்' என்று கொஞ்ச நாள் ஓடியது. பிறகு அதுவும் நின்றது. இப்படியே இரண்டு வருஷம்.

அந்த இரண்டு வருஷத்தில் அவருடைய உலகம் மேடுள்ள தெருக்களாகச் சுருங்கிப்போயிருந்தது. தட்டையான பக்கத்து வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் நேரமில்லை என்பார். வீட்டில் நேரம் மலைபோலக் குவிந்து கிடந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. சில வாரம் சனிக்கிழமை சாயங்காலம் பூட்டிய வாயை, திங்கட்கிழமை காலை முதல் வாடிக்கையாளரிடம்தான் திறப்பார்.

ஒருநாள் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை முடித்துவிட்டு வந்தால், காரின் மூக்கை ஒட்டி மணல் லாரி நிற்கிறது. உருள ஒரு முழம்தான் இடம். டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். ஏறி உட்கார்ந்து, வருவது வரட்டும் என்று சாவியைத் திருப்பினார். கரகர. எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக, வண்டியைக் கியரிலேயே விட்டு, கல்லை எடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தினார். கார் ஒரு சாண் முன்னால் நகர்ந்து, எஞ்சினின் இறுக்கத்தில் நின்றுகொண்டது. மறுபடி பிரேக் போட்டு, கியரை எடுத்துவிட்டு, என்னவோ தோன்றிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது.

லாரி டிரைவர் வந்து வழிவிட்ட பிறகும் அவர் நகரவில்லை. நாற்பது வருஷம் மெஷின்களோடு பழகியவருக்கு அது அதிர்ஷ்டம் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு சாண் நகர்ந்ததில் எஞ்சின் கொஞ்சம் சுற்றி, பெரிய சக்கரத்தின் வேறு பல் மோட்டாருக்கு நேரே வந்திருக்கிறது. அப்படியானால் கோளாறு கவ்வுகிற பல்லில் இல்லை, கவ்வப்படுகிற பல்லில்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, காருக்கடியில் படுத்து, செல்ஃப் மோட்டாரை இறக்கினார். மோட்டார் இருந்த ஓட்டையில் டார்ச் அடித்தார். ஸ்பானரால் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, பெரிய சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஏழெட்டுப் பல் எலி கடித்த மாதிரி தேய்ந்திருந்தது. சாக்பீஸால் கோடு போட்டார். அரைச் சுற்றுத் தள்ளி, நேர் எதிரே, அதேபோல இன்னொரு இடம். மற்ற பற்களெல்லாம் புதுசு மாதிரி இருந்தன.

மறுநாள் மெக்கானிக் ஷெட்டுக்காரர் அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நாலு சிலிண்டர் வண்டி சார். ஆஃப் பண்ணினா எஞ்சின் இந்த ரெண்டு இடத்துலதான் வந்து நிக்கும். அதனால அந்த இடமே தேயுது. நீங்க தள்ளித் தள்ளி ஓட்டினதுல யாருக்கும் தெரியாமப் போச்சு."

கியர்பாக்ஸை இறக்கி, தேய்ந்த பல் வளையத்தை எடுத்துவிட்டு, புதியதை நெருப்பில் காய்ச்சிப் பெரிய சக்கரத்தின் மேல் இறக்கினார்கள். ஆறிய பிறகு அது உடும்பாகப் பிடித்துக்கொண்டது. ஷெட் வாசலில் சமதரையில் வண்டியை நிறுத்தி மேட்டு சார் இருபது தடவை சாவியைத் திருப்பினார். இருபது தடவையும் எடுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். சொல்லவில்லை. சொல்லாமல் போய் நிற்க வேண்டும் என்று ஆசை. தெருவும் கேட்டும் மாறவில்லை. கொடியில் காய்ந்த துணிகள்தான் வேறு யாருடையவோ. கதவைத் திறந்த பெண்ணை அவருக்குத் தெரியவில்லை. முன்னால் இருந்தவர்கள் தங்கள் மகள் ஊருக்கே போய்விட்டார்கள், நாலு மாதம் ஆகிறது என்றாள். உள்ளே வந்து தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்டாள். வேண்டாம் என்று திரும்பி, காரில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத் தங்கைக்குப் போன் செய்தார்.

"வீட்டு வாசல்ல நிக்கிறேம்மா."

"எந்த வீட்டு வாசல்ல?"

"பழைய வீடு."

"நாங்க அங்க இல்லண்ணா."

"சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே. பஸ்ல வான்னுதானே சொன்னேன். வராதேன்னா சொன்னேன்?"

வண்டி சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். சொன்னதுமே, அதை எதற்குச் சொன்னோம் என்று இருந்தது.

தங்கை மகளின் ஊர் ஆறு மணி நேரப் பயணம். மூன்று வாரம் கழித்துப் போனார். மாப்பிள்ளை கதவுவரை வந்து அழைத்துப்போனார். நடையில் லேசாக ஒரு சாய்வு இருந்தது.

"வலிக்குதா மாப்ள?"

"குளிர்ல மட்டும்தான் மச்சான். உள்ள வாங்க."

இரண்டு நாள் இருந்தார். பேச்சு பழைய மாதிரி தானாக ஓடவில்லை. இரண்டு வருஷத்தில் நடந்ததையெல்லாம் தங்கை சொன்னாள், அவளுடைய ஆபரேஷன் உட்பட. அவரிடம் சொல்ல அதிகம் எதுவுமில்லை. மெஷின்களைப் பற்றிச் சொன்னார். மூன்றாம் நாள் காலை கிளம்பும்போது, இங்கேயே வந்து இருந்துவிடேன் என்று அவள் கேட்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவரே போன் செய்கிறார். சில வாரம் நாலு நிமிஷம், சில வாரம் பத்து. தங்கை கடைசியில் போனைக் கணவரிடம் கொடுப்பாள். மாப்பிள்ளை, இந்த வாரம் எத்தனை மெஷின் என்று கேட்பார். வைத்த பிறகு வீடு மறுபடி அமைதியாகிவிடும். அவர் எழுந்து போய் ஒரு ஆளுக்கு அரிசி களைவார்.