கதிரையா, இடுப்பா?

வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டுப் பகல் மூன்று மணிக்கு வந்து இருப்பவர்களுக்கு ஸ்பானிஷ் வினைச்சொல் படிப்பிப்பதைவிட, வாவி நண்டுக்கு நேராக நடக்கப் படிப்பிப்பது சுகம். அனுபவத்தில் சொல்கிறேன். வாழைச்சேனையில் ஒரு டியூட்டரியின் பின்பக்க மண்டபத்தில், பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை செய்யும் பன்னிரண்டு பேருக்கு வாரத்தில் மூன்று நாள் வகுப்பு எடுத்தேன். எங்கள் பக்கத்தில் சார் என்பது சேர் ஆகிவிடும், ஆகவே நான் அவர்களுக்குச் சேர். காலை வேலை முடிந்து பின்னேர வேலை தொடங்குவதற்கு இடையில் கிடைக்கிற நேரம்தான் எங்கள் பள்ளிக்கூடம். மேலே தகரக் கூரை. கரண்ட் நின்றால் விசிறியும் நின்றுவிடும். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய் என்பதை "யோ ஆப்லோ, தூ ஆப்லாஸ்" என்று நான் ராகம் போட்டுச் சொல்ல, முன்வரிசை முழுக்க நித்திரையாகிவிடும். தாலாட்டுப் பாட இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு ஸ்பானிஷ் வந்தது மாலைதீவில். ஒன்பது வருஷம் ஒரு ஹோட்டல் சாப்பாட்டு மண்டபத்தில் ஸ்பெயின்காரருக்குப் பரிமாறி, அவர்கள் வாயைப் பார்த்துப் பொறுக்கிய மொழி. அதற்கு மேல் எனக்கு இன்னொரு தலைக்கனமும் இருந்தது. நான் மட்டக்களப்பு டவுன் பறங்கி, போர்த்துக்கீச வழித்தோன்றல். போர்த்துக்கீசர் விட்டுப்போன பேச்சில் சில பாட்டும் கொஞ்சம் வசவும் எங்கள் வீட்டில் இன்னும் மிச்சமிருக்கிறது. போர்த்துக்கீசமும் ஸ்பானிஷும் அக்கா தங்கச்சி. ஆகவே இந்த மொழி எனக்குப் படித்து வந்ததல்ல, இரத்தத்தில் வந்தது என்று வகுப்பில் அடிக்கடி அளந்துவிடுவேன்.

ஒரு நாள் ஆத்திரத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எல்லாரையும் பின்வளவு மணலில் இறக்கினேன். காலால் கோடு கீறிக் கிளித்தட்டுக்குக் கட்டம் போட்டேன். எல்லாரும் சின்ன வயதில் விளையாடியதுதான். ஒரு அணி கோடுகளில் நின்று மறிக்கும். மற்ற அணி தொடுபடாமல் கோடு கோடாகத் தாண்டிப்போய்த் திரும்பி வர வேண்டும். நடுக்கோட்டில் ஓடித் துரத்துகிறவர் கிளி. நான் சேர்த்தது ஒரே ஒரு சட்டம். ஆறு கோடுகளும் ஆறு ஆட்கள்: நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள். கிளி ஒரு வினைச்சொல்லைக் கத்தும். எந்தக் கோட்டைத் தாண்டுகிறோமோ அந்த ஆளுக்குரிய வடிவத்தைச் சொல்லிக்கொண்டே தாண்ட வேண்டும். பிழையாகச் சொன்னால் தொடாமலே அவுட்.

அதற்குப் பிறகு நித்திரை என்ற பேச்சே இல்லை. நாற்பது வயது சமையல்காரரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். என்னிடம் இருக்கிறது என்பதற்கு ஸ்பானிஷில் 'தெங்கோ'. "தென்னை உள்ளவன்ட வீட்டில எல்லாம் இரிக்கும் சேர்" என்று அவர் காரணம் கண்டுபிடித்த நாளில் இருந்து அந்தச் சொல்லை ஒருவரும் மறக்கவில்லை. நான்தான் எப்போதும் கிளி. ஆசிரியர் என்ற மரியாதைக்காக ஒருவரும் என்னிடம் வேண்டுமென்றே பிடிபடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அந்த ஆட்டத்தில் நாலாம் கோட்டோடு நின்றுவிடுகிற ஒருவர் இருந்தார். ஓட்டமாவடியில் இருந்து வருகிற முஸ்லிம் பெண், பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் விரிப்பும் துவாயும் தோய்க்கிற லோன்றியில் வேலை. அவர்களுடைய வழக்கத்தில் அக்காவைத் தாத்தா என்பார்கள். வகுப்பில் வயது கூடிய பெண் அவர்தான் என்பதால் எல்லாருக்கும் அவர் தாத்தா ஆனார். விஷயம் தெரியாதவர்கள் கேட்டால் மண்டபம் முழுக்கத் தேடி ஒரு கிழவரையும் காணாமல் திரும்பியிருப்பார்கள். தாத்தாவுக்கு விடை எல்லாம் தெரியும். ஆனால் 'நாங்கள்' கோட்டில் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். இழுப்பு. லோன்றியின் நீராவியும் சவர்க்காரத் தூளும் சேர்ந்து கொடுத்தது.

"டொக்டர் அந்த வேலைய விடச் செல்லிட்டாரு சேர்," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். "முன்னுக்கு ஆக்கள வரவேற்கிற எடத்தில ஒரு ஆள் எடுக்கப் போறாங்க. ஸ்பானிஷ் தெரியோணுமாம். அது கிடைக்காட்டி நான் ஊட்டோட இரிக்க வேண்டியதுதான்."

ஸ்பெயின்காரரின் முதல் பஸ் வருகிற நாளே பரீட்சை என்று அந்த ஹோட்டல் மனேஜர் சொல்லியிருந்தார். அதே இடத்துக்கு இன்னொருவனும் போட்டிக்கு நின்றான். பழுகாமத்து வெயிட்டர், வகுப்பில் முதலாம் ஆள், வாய் வேகம் கால் வேகம் இரண்டும் உண்டு.

தாத்தா ஓட முடியாமல் நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இருந்த இடத்தில் விளையாட இன்னொரு ஆட்டம் செய்தேன். பெயர் வீட்டுச் சொல். நான் ஒரு பொருளைக் காட்டுவேன். நம் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லில் இருந்து ஸ்பானிஷ் சொல்லைப் பிடிக்க வேண்டும். மேசைக்கு மேசா. சமைக்கிற குசினிக்குக் கொசினா. ரொட்டிப் பாணுக்குப் பான். சப்பாத்துக்குச் சப்பாத்தோ. "பார்த்தீர்களா, நீங்கள் எல்லாரும் பிறந்ததில் இருந்தே அரைவாசி ஸ்பானிஷ்," என்று நான் நெஞ்சை நிமிர்த்துவேன், ஏதோ அந்தச் சொற்களை நானே கப்பலில் இறக்கியது போல. இந்த ஆட்டத்தில் தாத்தாவை வெல்ல ஆளில்லை.

ஒரு புதன்கிழமை இரண்டு அணியும் சமனாக நின்றன. கடைசிக் கேள்வி தாத்தாவுக்கு. நான் கிழவி போல் முதுகை வளைத்துக்கொண்டு நின்று, "நான் வயது போன விருந்தாளி. என்னை இருக்கச் சொல்லுங்கள்," என்றேன். தாத்தா யோசிக்கவே இல்லை. மேசை மேசா என்றால், உட்காருகிற கதிரை என்னவாக இருக்கும்?

"சியெந்தெசே என் லா காதெரா, செஞோரா," என்றார்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. ஸ்பானிஷில் கதிரைக்குச் சிய்யா என்று பெயர். காதெரா என்றால் இடுப்பு. இடுப்பில் ஏறி இருங்கள் அம்மா என்று விருந்தாளியிடம் சொன்னதாக நான் விளக்கியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இடுப்பைத் தட்டிக் காட்டி, ஏறி இருப்பது போல் நடித்தும் காட்டினேன். மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. வகுப்பு கலையும்போது யாரோ "காதெராத் தாத்தா" என்று கூப்பிட்டார்கள். அதற்கும் நான் சிரித்தேன்.

வெள்ளி எங்களுக்கு வகுப்பில்லை. சனிக்கிழமை தாத்தா வரவில்லை. திங்களும் வரவில்லை.

"அவ இனி வரமாட்டா சேர்," என்றான் பழுகாமத்து வெயிட்டர். "ஹோட்டல்லயும் என்னோட கதைக்கிறல்ல. அண்டைக்கு நாம செஞ்ச பகிடி கொஞ்சம் கூடிப்போச்சி."

போட்டிக்கு நிற்கிறவனே இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உள்ளே கிடந்தது. அதை நான் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்று பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஓட்டமாவடிக்குப் போனேன்.

தாத்தா வாசலில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். உள்ளே வரச் சொன்னார், ஒரு கதிரையும் எடுத்துப் போட்டார். இரண்டு பேருமே அந்தக் கதிரையைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

"பிழை என்னில்தான் தங்கச்சி," என்றேன். "திரும்பி வாங்கோ."

"ஒங்கட பகிடிக்கி நான் ஆளில்ல சேர். எனக்கி வேல போகப்போகுது. ஒங்களுக்கு அது வெளாட்டு."

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன். மாலைதீவுக்குப் போன முதல் மாதம், கைத்தடியோடு வந்த ஒரு ஸ்பெயின் அம்மாவிடம் நானும் அதே வசனத்தைத்தான் சொன்னேன். அதே காதெரா. எங்கள் வீட்டுப் பழைய பேச்சில் கதிரைக்கு அதுதான் பெயர், இரத்தத்தில் வந்த மொழியல்லவா! மேசை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவின் புருஷன் எழுந்து தன் இடுப்பைக் காட்டி, இங்கேயா இருக்கச் சொல்கிறாய் என்று கேட்டார். நான் ஓடிப்போய் மீன் வைக்கிற குளிர் அறைக்குள் ஒளிந்தேன். பல்லுக் கிட்டியபிறகுதான் வெளியே வந்தேன்.

தாத்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன்.

"அல்லாவே," என்றார் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மீனுக்குள்ளயா சேர் நிண்டீங்க?" பிறகு முகத்தை இறுக்கினார். "நான் வாறன். ஆனா இந்தக் கதைய எல்லாருக்கும் முன்னால நீங்க செல்லோணும். நடிச்சும் காட்டோணும்."

புதன்கிழமை நடித்துக் காட்டினேன். குளிர் அறையில் நடுங்குவதை மூன்று தரம் செய்யச் சொன்னார்கள். இனி யாருக்கும் பட்டப்பெயர் இல்லை என்று அதோடு முடிவானது. அன்றைக்கே புது ஆட்டம் ஒன்றும் பிறந்தது, கள்ளன் பொலிஸ். நம்முடைய சொல் போல வேஷம் போட்டு வந்து ஏமாற்றுகிற ஸ்பானிஷ் சொற்கள் கள்ளர். தாத்தா பொலிஸ். இருந்த இடத்தில் இருந்தே ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்வார். வினைச்சொல்லிலும் அவர்தான் ஒன்றைக் கண்டுபிடித்தார். நோவு என்பதற்கான சொல்லைக் கரும்பலகையில் எழுதியிருந்தேன்: 'மெ துயெலே', எனக்கு நோகிறது. 'லெ துயெலே', உங்களுக்கு நோகிறது. 'நான்' என்ற சொல்லே வராத இந்த வடிவத்தைப் பார்த்து எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள்.

"இதென்ன கஷ்டம்? நம்மட பேச்சு மாதிரித்தானே," என்றார் தாத்தா. "நாம நோகுறன் எண்டு செல்லுறமா? எனக்கி நோகுது எண்டுதானே செல்லுற."

ஒன்பது வருஷம் அந்த மொழியில் சாப்பாடு போட்ட எனக்கு இது தோன்றவே இல்லை.

பஸ் வந்த நாளில் மனேஜர் என்னையும் ஹோட்டல் வாசலுக்குக் கூப்பிட்டிருந்தார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, யார் என்ன சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பழுகாமத்தான், மறுபக்கம் தாத்தா. தாத்தாவின் மூச்சு எனக்குக் கேட்டது.

பொலன்னறுவையில் இருந்து ஒரே இருப்பாக இருந்து வந்த கூட்டம். முதலாவதாக இறங்கிய வயது போன அம்மா கடைசிப் படியில் காலை வைத்ததும் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டு முனகினார்.

"ஆய், லா காதெரா! லா காதெரா!"

பழுகாமத்தான் மின்னலாகப் பாய்ந்தான். உள்ளே ஓடி ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் பின்னால் வைத்துவிட்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு நின்றான். அவசரத்தில் பழைய சொல் அவனைப் பிடித்துவிட்டது. அந்த அம்மா கதிரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கையை அசைத்து வேண்டாம் என்றார். அந்த வலியோடு இருந்து எழும்ப அவரால் ஏலாது.

தாத்தா ஓடவில்லை. நடந்துபோய்த் தன் தோளைக் கொடுத்தார். "லெ துயெலே லா காதெரா, செஞோரா?" என்று கேட்டார். உங்களுக்கு இடுப்பு நோகிறதா அம்மா. பிறகு, "தெஸ்பாசியோ," மெதுவாக. அந்த அம்மா தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று ஏதேதோ சொல்லத் தொடங்கினார். அதில் பாதி எனக்கே விளங்கவில்லை. இரண்டு பேரும் அடி அடியாக உள்ளே போனார்கள்.

"என்னவாம்?" என்று மனேஜர் கேட்டார்.

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பழுகாமத்தான் கதிரையைத் தூக்கிக்கொண்டு, "வேல தாத்தாவுக்குத்தான் சேர், என்னைப் பொலிஸ் பிடிச்சிட்டு," என்றான். மனேஜருக்கு அது விளங்கவில்லை, நான் விளக்கினேன்.

லோன்றியை விட்டு வரவேற்பு வேலைக்கு மாறி நாலு மாதம் கழித்து, ஓய்வு நாளொன்றில் தாத்தா வகுப்புக்கு வந்தார். மணலில் கிளித்தட்டு நடந்துகொண்டிருந்தது. பார்க்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டத்துக்குள் இறங்கினார். நான் கிளி. வேண்டுமென்றே 'துயெலே'யைக் கத்தினேன். முதலாம் கோடு, இரண்டாம் கோடு, மூன்று. நாலாம் கோட்டில் நிற்பார் என்று காத்திருந்தேன். "நோஸ் துயெலே" என்று எனக்கு முன்னாலேயே தாண்டிப் போனார். ஐந்து, ஆறு. திரும்பியும் வந்தார், சொல்லும் தவறவில்லை, மூச்சும் தவறவில்லை. துரத்திய நான்தான் நடுக்கோட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன்.

"காதெரா..." என்றேன். அதற்கு மேல் வாயில் வரவில்லை.

"எது சேர்? நோகுதா, இருக்கப் போறீங்களா?"

"ரெண்டும் தங்கச்சி."

தாத்தா கதிரை எடுத்துவர உள்ளே போனார், ஓடித்தான்.