முக்காலியில் தொங்கிய கல்

கேமராவுக்கு ஒரு முக்காலி வாங்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. பெண் பார்க்கப் போன இடத்தில் எட்டு நிமிடத்தில் சரி என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். இந்தக் கணக்கை எடுத்துச் சொன்னது என் மனைவி. அதுவும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை வைத்துக்கொண்டு.

என்னிடம் பழைய முக்காலி ஒன்று இருந்தது. நல்ல கனம். அதைத் தோளில் சாத்திக்கொண்டு சேர்வராயன் கோயில் மேட்டில் ஏறினால் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடுவேன். யாராவது பார்த்தால் காட்சியை ரசிப்பது போல் முகத்தை வைத்துக்கொள்வேன். ஐம்பதை நெருங்குகிற வயதில் எத்தனை முறைதான் ரசிப்பது? லேசான முக்காலி தேட ஆரம்பித்தேன். ஒரு வீடியோவில் ஒருவர் கார்பன் முக்காலியைச் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

பெட்டி வந்த அன்று நானும் சுண்டுவிரலில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏனுங்க, இத்தனை லேசா இருக்குதே, காத்தடிச்சா நிக்குங்களா?"

கார்பன் இழையைப் பற்றிக் கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். பிறகு தனியாகப் போய் அந்த வீடியோவை மறுபடியும் பார்த்தேன். முதல்முறை நான் கேட்கத் தவறிய இடத்தில் அவர் தெளிவாகவே சொல்லியிருந்தார். காற்றில் ஆடும், ஆகவே நடுத் தண்டுக்குக் கீழே உள்ள கொக்கியில் கனமாக எதையாவது தொங்கவிட வேண்டும். லேசாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய பொருளில் கனத்தைக் கட்டித் தொங்கவிட வேண்டுமாம். இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை.

மழை விட்ட ஒரு காலையில், விடிவதற்கு முன்பே சேலத்திலிருந்து கிளம்பி ஏற்காடு மலை ஏறினேன். செம்மநத்தம் பக்கம் ஒரு குறுகலான சாலையில், எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டிய இடத்தில், ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரம் திறந்து கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் கிழக்கே பள்ளத்தாக்கு முழுவதும் மேகம். வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்றேன். தலையில் துண்டு கட்டிய ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். தோட்டக்காரர். நாற்பது வயது இருக்கும்.

"போட்டோ புடிக்கோணுங்களா? தாராளமா நில்லுங்க சார். செடி மட்டும் மிதிபடாம பாத்துக்குங்க" என்றார். "அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் நம்மளுதுங்க. அந்தப் பக்கம் எங்கண்ணனுது. ரெண்டு வருசமா பேச்சுவார்த்தை இல்லாம கெடந்து, இப்பத்தான் பங்காளிக உக்காந்து பேசி அந்தக் கல்லை நட்டோமுங்க. சர்வேயர் வந்து அளக்கற வரைக்கும் எங்களுக்கு அதுதான் கோடு."

"நல்லதுங்க" என்றேன்.

"அடுத்த வாரம் அண்ணன் பொண்ணுக்கு நிச்சயமுங்க. தட்டு மாத்தறப்ப நான் பக்கத்துல உக்காரோணும்னு அண்ணனே ஊட்டுக்கு வந்து சொல்லீட்டுப் போனாருங்க."

"நொம்ப சந்தோசமுங்க" என்றேன். தலை நன்றாகவே ஆடியது. மனம் முழுக்க வானத்தில் இருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் சூரியன் வந்துவிடும், இவர் எப்போது போவார் என்பதுதான் அப்போது என் கவலை. அவர் போனார்.

என் கேமராவில் வைட் லென்ஸ் இருந்தது. அதன் குணம் விசித்திரமானது. எதிரே இருக்கும் மலையை எறும்பாக்கிவிடும், காலடியில் கிடக்கும் கல்லை மலையாக்கிவிடும். அதனால் முன்னால் ஏதாவது ஒன்றை வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். சாலையோர மேட்டில் முக்காலியை ஊன்றினேன். அடியில் இருந்த கூர்முனைகள் ஈர மண்ணில் ஆழமாக இறங்கின. கீழே, பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுச் செடிக்காகக் காலியாக விட்டிருந்த இடத்தில், பாசி படிந்த ஒரு கல் அழகாக நின்றது. அதை முன்னால் வைத்து நாலைந்து படம் எடுத்தேன்.

அடுத்து மேகம் ஓடுவதை எடுக்க ஆசை வந்தது. அதற்கு வெல்டிங் பட்டறைக் கண்ணாடி போல ஒரு கறுப்பு பில்டர் உண்டு. அதை மாட்டி, அரை நிமிடம் கேமராவைத் திறந்து வைத்தால் மேகம் ஆறாகிவிடும். அந்த அரை நிமிடமும் முக்காலி அசையக் கூடாது. மேட்டை விட்டு இறங்கி, கல்லுக்குப் பக்கத்திலேயே முக்காலியை வைத்தேன். சரியாக அப்போது காற்று கிளம்பியது. முக்காலி நடுங்கியது. கொக்கியில் கேமராப் பையை மாட்டலாம் என்றால் அதில் இருக்கும் பொருளை நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியிருந்தது. வண்டியில் யாருடைய கல்யாணத்திலோ கொடுத்த மஞ்சப்பை கிடந்தது. அதில் போட அளவான கல்லை நான் வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையால் பிடித்து ஆட்டினேன். வந்துவிட்டது.

அடுத்த அரை மணி நேரம் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். முக்காலியை இங்கே நகர்த்தி, அங்கே நகர்த்தி, அந்த இடத்தையே மிதித்துச் சேறாக்கினேன். வெயில் ஏறியது. பில்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான், அவர் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கல். பங்காளிகள். கோடு.

மஞ்சப்பையைப் பார்த்தேன். அது காற்றில் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது.

பயம் வந்தால் எனக்கு முதலில் வேலை செய்வது கை. அடுத்தது வாய். மூளை எழுந்து வருவதற்குள் இரண்டும் சேர்ந்து காரியத்தைக் கெடுத்து முடித்திருக்கும். கல் இருந்த குழியைத் தேடினேன். எல்லா இடமும் என் செருப்புத் தடம். அப்போதே அவரைத் தேடிப் போய்ச் சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே வந்து நட்டிருப்பார். நானோ சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்கேதான் இருந்திருக்கும் என்று ஓர் இடத்தை முடிவு செய்து, கையால் தோண்டி, கல்லை நட்டு, சுற்றிலும் மண்ணை மிதித்துக் கெட்டியாக்கினேன். தள்ளி நின்று பார்த்தேன். அச்சு அசலாக இருந்தது.

ஆனால் அது அண்ணன் பக்கமாக ஒன்றரை எட்டுத் தள்ளிப் போயிருந்தது. அந்த அண்ணனே, நான் வண்டியின் பின்கதவைத் திறந்து சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நிழல் மரங்களைக் கவாத்து செய்ய, கிளை வெட்டும் கத்தியோடு வந்தார். கல்லுக்கு முன்னால் நின்றார். நடந்து அளந்தார். தம்பியைக் கூப்பிட்டார்.

"ஏன்டா, ராத்திரியோட ராத்திரியா கல்லுக்குக் கால் மொளைச்சுதா?"

"என்னங்கண்ணா?" என்று வந்த தம்பி கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "நான் தொடலீங்கண்ணா."

"தொடலை. அதுவா எந்திரிச்சு என் காட்டுக்குள்ள வந்து உக்காந்துக்குச்சு. புது மண்ணு, பாரு. இன்னும் ஈரங்கூடக் காயலை. நிச்சயத்துக்குக் கூப்புட்டா எளக்காரமாப் போச்சா உனக்கு? இனி எதுன்னாலும் அண்ணன் வாயத் தொறக்கமாட்டான்னு நெனச்சுட்டயா?"

நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் வைத்திருப்பதிலேயே மிகச் சுத்தமான லென்ஸ் அதுதான். ஆனாலும் துடைத்தேன். முன்பக்கம் துடைத்தேன், பின்பக்கம் துடைத்தேன், மூடியைத் துடைத்தேன். இருபதடி தூரத்தில் ஒரு மனிதன், தான் செய்யாத காரியத்துக்காகத் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தான். சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. துடைத்து முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் சொன்னேன்.

"நீ வர வேண்டாம்" என்றார் அண்ணன். சத்தம் போடாமல்தான் சொன்னார். "நிச்சயத்தன்னிக்கு என் ஊட்டு வாசல்ல உன்னைப் பாக்கக் கூடாது. என் பொண்ணுக்குச் சித்தப்பன் இல்லைன்னு சொல்லிக்கறேன்."

தம்பி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். "வாங்கண்ணா, சேர்வராயன் கோயிலுக்குப் போலாம். சாமி முன்னால கற்பூரம் அணைச்சுச் சொல்றேன், நான் தொடலைன்னு" என்றார்.

அதற்கு மேல் என்னால் துடைக்க முடியவில்லை. அவர்கள் பக்கம் போனேன். இப்போதாவது நான் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது வாய்.

"ஏனுங்க, காட்டுப்பன்னி ஏதாச்சும் நோண்டியிருக்குமோ?"

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கல்லைச் சுற்றி இருந்த தடத்தைப் பார்த்தார். "பன்னி கல்லைப் புடுங்கி, திருப்பி நட்டு, மண்ணையும் மிதிச்சு உட்டுட்டுப் போகுதுங்களா? செருப்புப் போட்ட பன்னிங்களா சார்?" என்றார். அவர் பார்வை என் காலுக்கு வந்து நின்றது. சேறு கணுக்கால் வரை இருந்தது.

சொன்னேன். மஞ்சப்பை, கொக்கி, காற்று எல்லாவற்றையும் சொன்னேன். இருபது வருடமாக நண்பர்கள் கூட்டத்தில் கதை சொல்லிச் சிரிக்க வைப்பவன் நான். அன்று எனக்கு ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக வரவில்லை. அவர்கள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தம்பி மட்டும் கேட்டார். "இத்தனை நேரம் அங்கயேதானுங்களே நின்னுட்டிருந்தீங்க?"

நான் கேமராவை எடுத்தேன். காலையில் மேட்டிலிருந்து எடுத்த படங்களில் கல் தன் இடத்தில் நின்றது. ஆனால் வைட் லென்ஸ் படத்தை வைத்துத் தரையில் இடம் சொல்ல முடியாது, அது தூரத்தை எல்லாம் இழுத்துவிடும். அதே இடத்தில் அதே உயரத்தில் கேமராவை வைத்துப் பார்த்தால்தான் உண்டு. மேட்டுக்கு ஓடினேன். கூர்முனைகள் இறங்கிய மூன்று துளைகளும் அப்படியே இருந்தன. அவற்றில் முக்காலியின் கால்களை இறக்கினேன். தூரத்து சில்வர் ஓக் மரம் படத்தின் ஓரத்தில் நின்ற இடத்திலேயே திரையிலும் வந்து நிற்கும்வரை கேமராவைத் திருப்பினேன். காலைப் படத்தைப் போனுக்கு மாற்றிக் கேமராத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அண்ணன் என் தோளுக்கு மேலாகக் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி கீழே கல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"அவனை எடது பக்கம் போகச் சொல்லுங்க" என்றார் அண்ணன் என்னிடம்.

"எடது பக்கம் போங்க" என்று கத்தினேன். தம்பியின் காதில் அண்ணன் சொன்னதே விழுந்திருக்கும். ஆனாலும் நான் கத்திய பிறகுதான் நகர்ந்தார்.

"இன்னும் ஒரு சாண் போகோணும்னு சொல்லுங்க."

"இன்னும் ஒரு சாணுங்க."

"போதுமான்னு கேளுங்க அவரை" என்று கீழேயிருந்து வந்தது.

இப்படி நான் இடையில் நின்று, ஒருவர் பேச்சு ஒருவருக்கு நன்றாகவே கேட்கும் இரண்டு பேருக்கு நடுவே வார்த்தைகளைச் சுமந்தேன். கடைசியில் கல் திரையில் தன் இடத்துக்கு வந்தது. தம்பி அங்கே விரலை விட்டுப் பார்த்தார். சேற்றுக்கு அடியில் மண் பொதபொதவென்று உள்ளே வாங்கியது. பழைய குழி. அண்ணன் இறங்கிப் போய்த் தானும் விரல் விட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து கல்லை நட்டார்கள். நான் கை கொடுக்கப் போனேன். "நீங்க இருங்க" என்றார் அண்ணன்.

எல்லாம் முடிந்ததும் அண்ணன் தம்பியிடம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "தண்ணி கிண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தன் பக்கம் நடந்தார். தம்பி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் பக்கம் போனார். கல் நடுவில் இருந்தது. நான் முன்னதாகவே பேசியிருந்தால், நிச்சயத்துக்கு வர வேண்டாம் என்ற அந்த ஒரு பேச்சை அண்ணன் பேசியிருக்கவே மாட்டார். அவர் பேச எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் நான் மூடி துடைத்துக்கொண்டிருந்தேன். மலை இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. தலைச்சோலைப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் தம்பியைப் பார்த்துவிட்டேன். மிளகு மூட்டையோடு நின்றிருந்தார். ஒளிய இடம் தேடினேன். ஆனால் அவர் அதற்குள் கையை உயர்த்திவிட்டார்.

"கல்லு அப்படியேதானுங்க இருக்குது. சர்வேயர் இன்னும் வரலீங்க" என்றார், நான் கேட்காமலே.

"நிச்சயம் நடந்துச்சுங்களா?"

"நல்லா நடந்துச்சுங்க. அண்ணன் கூப்புட்டு உட்டிருந்தாருங்க. மளிகைக்கடைக்காரர்கிட்டச் சொல்லி உட்டிருந்தாரு."

முதல்முறை அவரே வீட்டுக்கு வந்து அழைத்தவர்.

"நீங்க போனீங்களா?"

"சம்சாரம் போச்சுங்க. புள்ளைக்குப் பூ வெச்சு உட்டுட்டுச் சாப்புட்டுட்டுத்தான் வந்துச்சு. சாப்பாடு நல்லா இருந்துச்சாமுங்க."

பஸ் வந்தது. மூட்டையை ஏற்றிவிடக் குனிந்தேன். "நீங்க உடுங்க சார்" என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, அவரே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார்.