வர முடியாத ஆளுக்கு ஒரு பொட்டலம்

நாற்பத்தொன்றாவது ஞாயிறு என்று குறிப்பேட்டில் தலைப்பிட்டிருக்கிறேன். ஐப்பசி. மழை இல்லை, புழுக்கம். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பாக்குமட்டைத் தட்டு தீர்ந்துவிட்டதால் கடைசியில் வந்தவர்களுக்கு வாழையிலை. இதெல்லாம் நீல மையில், என் கையெழுத்தில் இருக்கிறது. அதே பக்கத்தின் வலது ஓரத்தில் இன்னும் ஒரு வரி உண்டு. இப்போதும் அந்தப் பக்கத்தைப் புரட்ட நேர்ந்தால் அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டுதான் புரட்டுகிறேன்.

நான் இருப்பது திருநின்றவூரில், வாடகை வீட்டில். ஞாயிறு காலை மின்ரயிலில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி மண்ணூர்பேட்டைக்கு நடப்பேன். பூட்டிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் மதிலோரம் தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. அதனடியில் இரண்டு அண்டா, ஒரு மேசை, ஒரு வரிசை. எங்கள் குழுவுக்குப் பெயர் கிடையாது. வைக்கலாம் என்று யார் சொன்னாலும் கடைசல் பட்டறைக்காரர் வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார். அந்தத் தெருவிலேயே பிறந்தவர் அவர். இதைத் தொடங்கியவரும் அவர்தான்.

தொடங்கிய காரணம் சோறு மட்டும் அல்ல. டீக்கடை வாசலில் வண்டி நிறுத்துவதில் உள்ளூர் ஆட்களுக்கும் வடக்கிலிருந்து வந்து தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பையன்களுக்கும் கைகலப்பு ஆகி, இரண்டு பக்கமும் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். மறு ஞாயிறு பட்டறைக்காரர் ஓர் அண்டா தக்காளி சாதத்தை அந்த மரத்தடியில் இறக்கிவைத்தார். "அட்ச்சிகினவன்லாம் ஒரே வரிசைல நின்னு துன்னுட்டுப் போட்டும் அண்ணாத்தே. துன்னுகினே எவன் அடிப்பான்?" அவர் சொன்ன விளக்கம் இவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்து வேடிக்கை பார்க்க நின்ற நான் கரண்டியைக் கையில் எடுத்தேன். அதற்கு அடுத்த ஞாயிறு குறிப்பேட்டையும் எடுத்து வந்தேன்.

எங்களுக்கு விதிகள் மூன்று. வரிசை ஒன்றுதான். யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பரிமாறியவர்கள் கடைசியாகத் தட்டெடுத்து, தங்களுக்குத் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மூன்றாவது விதிதான் கடினமானது. மொழி தெரியாத ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து வறுவலைக் காட்டிச் சிரித்துக்கொண்டே இருபது நிமிடத்தை ஓட்டுவது சுலபமில்லை. ஆனால் அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் மற்றதெல்லாம் என்பார் பட்டறைக்காரர்.

பெயர் கேட்கக் கூடாது என்பதால் நான் அடையாளம் எழுதினேன். எனக்குச் சிறு வயதிலிருந்தே நாள், கிழமை, வானிலை எழுதும் பழக்கம் உண்டு. பழைய நாட்குறிப்புகளையும் ஊர் வரலாறுகளையும் தேடித் தேடிப் படித்தவன். எவனோ ஒருவன் அன்றைக்கு உட்கார்ந்து எழுதியதால்தானே இவையெல்லாம் நமக்குத் தெரிகின்றன என்ற நினைப்பு எனக்கு. அதனால் நாள், சமையல், எது முதலில் தீர்ந்தது, யார் வந்தார் என்று கட்டம் போட்டு வைத்தேன். 'பச்சைத் துண்டு, வெங்காயம் ஒதுக்குபவர்.' 'சிரிக்காதவர், இன்று சிரித்தார்.' கடைசிக் கட்டத்துக்கு 'யாருக்கு' என்று தலைப்பு. பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக அது.

அந்த அம்மா தொடர்ந்து வருபவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். கையில் நீலக் கூடை. நீலம் இல்லை, நிறத்தை மாற்றிச் சொல்கிறேன். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு பொட்டலம் வாங்கிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு போவார். "நாயித்துக்கெயமைல எனுக்கு இதான் சார் சோறு," என்று ஒருமுறை அவராகவே சொல்லியிருந்தார். நாற்பத்தொன்றாவது ஞாயிறு நான் கேட்டேன்.

"பொட்டலம் யாருக்கும்மா?"

"வர முடியாத ஆளு ஒருத்தரு கீறாரு சார்."

பின்னால் நின்றவர் தட்டை நீட்டினார், வரிசை நகர்ந்தது. ரயிலில் திரும்பி வரும்போது கட்டங்களை நிரப்பினேன். 'யாருக்கு' என்ற கட்டம் காலியாக இருப்பது உறுத்தியது. வர முடியாதவர் என்றால் படுத்த படுக்கையாக இருப்பவர். இந்த வயதுப் பெண்மணி சோறு கொண்டுபோய்க் கொடுப்பது யாருக்காக இருக்கும்? அண்ணனூர் தாண்டுவதற்குள் எழுதிவிட்டேன்: 'நீலக் கூடை அம்மா. நோயாளிக் கணவருக்கு ஒன்று.'

அன்று மாலை வழக்கம்போல வாரக் குறிப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரிசியும் பருப்பும் கொடுத்து உதவும் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் பலர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். பெயர் இல்லை, படம் இல்லை, எனவே விதி மீறல் இல்லை என்று நிம்மதியாக அனுப்பினேன்.

முதல் பதில் பத்து நிமிடத்தில் வந்தது. "நீலக் கூடையா? எங்க பிளாக்ல கூட்டிப் பெருக்கறவங்க மாதிரி இருக்கே."

அடுத்தது அதே குடியிருப்பிலிருந்து. "அவங்கதான். ஆனா அவங்க வீட்டுக்காரர் தவறிப் பல வருஷம் ஆச்சே. பொய் சொல்லி ரெண்டு வாங்குறாங்களா?"

கீழே வாய் பொத்திய முகம் ஒன்று, கைகூப்பிய படம் ஒன்று. "பாவம், விடுங்க" என்று ஒருவர். அவர் விட்டாலும் மற்றவர்கள் விடவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். தூங்கினேன். அந்தப் பேச்சில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது அடுத்த ஞாயிறுவரை முழுதாக உறைக்கவில்லை.

நாற்பத்திரண்டாவது ஞாயிறு அவர் வரிசையில் நிற்கவில்லை. நேராக மேசைக்கு வந்தார். கூடை இல்லை. நான் கரண்டியோடு நின்றேன்.

"இன்னா சார், எனுக்கு ஒரு புருசனக் குடுத்துட்ட போல."

பக்கத்தில் அப்பளம் எடுத்துவைத்துக்கொண்டிருந்த பட்டறைக்காரர் நிமிர்ந்தார்.

"செத்து பதினோரு வர்சம் ஆச்சு அது. உயிரோட இருக்கசொல்லவே எந்திரிச்சி வேலைக்குப் போனதில்ல. இப்போ நீ அத்தப் படுக்கப்போட்டு என்னிய சோறு தூக்க வெச்சிட்ட. ஊட்டு ஊட்டுக்குக் கூப்ட்டுக் கேக்கறாங்க, பொய் சொல்லி வாங்குனியான்னு. ஒரு அம்மா மீந்து போனத டப்பால போட்டு எல்லார் முன்னாடியும் குடுக்குது, இனிமே அங்க போவாதன்னு. நான் உன்னாண்ட புருசன்னு சொன்னேனா?"

"இல்லம்மா."

"பின்ன எப்படி எழுதுன?"

அந்த அம்மா சாப்பிடாமலே போனார். பட்டறைக்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "போட்டோ எடுக்கக்கூடாதுன்னு சொன்னமே. நீ கையாலயே எட்த்துட்ட, அண்ணாத்தே."

அடுத்த ஞாயிறு அந்த அம்மா வரவில்லை. பன்னிரண்டரைக்குப் பிறகு நான் வரிசையை எண்ணவில்லை, தெருமுனையையே பார்த்தபடி இருந்தேன். கூடையோடு யார் திரும்பினாலும் கரண்டி நின்றுவிடும். "சார், சாம்பார்," என்று எதிரில் நிற்பவர் நினைவூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இதுதான் சோறு என்பது திரும்பத் திரும்ப வந்தது. குடியிருப்பு எது என்று தெரியும். பத்து நிமிட நடைதான். ஆனால் அங்கே போய்க் காவலாளியிடம் என்ன சொல்லிக் கேட்பது? இன்ன அடையாளமுள்ள அம்மா என்று மறுபடியும் ஓர் அடையாளத்தைத்தான் சொல்ல வேண்டும். எப்படித் தேடினாலும் முதலில் செய்ததையே இன்னொரு முறை செய்ததாகிவிடும். கேட்டைத் தாண்டி ஒருமுறை நடந்தேன், திரும்பும்போது இன்னொரு முறை. அவ்வளவுதான் முடிந்தது.

வார நாட்களில் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு செய்தியை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். எழுதினால் அவர் பேச்சு மறுபடி கிளம்பும். எழுதாவிட்டால் அவர் பொய்க்காரியாகவே இருப்பார். வியாழக்கிழமை அனுப்பினேன். "கணவர் என்று எழுதியது நான். அந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை. நானே ஊகித்து எழுதிக்கொண்டது. பொய் என்னுடையது, அவருடையது அல்ல. வாரக் குறிப்பு இனி இராது."

சில கட்டைவிரல்கள். பிறகு ஒருவர் கேட்டிருந்தார்: "ஓகே சார். அப்போ அந்தப் பொட்டலம் யாருக்குதான்?"

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டவரை என்னால் குறைசொல்ல முடியவில்லை. கட்டம் போட்டு அதற்குத் தலைப்பும் எழுதிவைத்தவன் நான்.

நாற்பத்து நான்காவது ஞாயிறு, ஒன்றரை மணி இருக்கும், வரிசையில் ஒரு காவலாளி நின்றார். சீருடைச் சட்டையில் அந்தக் குடியிருப்பின் பட்டை. நரைத்த மீசை. ஒடிசாக்காரர் என்று பிறகு தெரிந்தது. முன்னால் நிற்பவர்களைத் தள்ளாமல், ஆனால் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். கேட்டில் அரை மணி நேரம் இஸ்திரி வண்டிக்காரரை உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாற்று ஆள் கிடையாதாம்.

"ரெண்டு பார்சல் வேணும். ஒண்ணு நமக்கு."

நான் ஒன்றைக் கட்டினேன். இரண்டாவதற்குக் கரண்டியை விடும்போது அவர் மேசையில் இருந்த குறிப்பேட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு, ஆள் வர முடியாது."

என் வாயில் கேள்வி வந்துவிட்டது. விழுங்கினேன். இத்தனை ஞாயிறும் கேட்டை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். நீலக் கூடையில் போனது இவருக்குத்தான். இப்போது வர முடியாத ஆள் வேறொருவர். இரண்டாவது பொட்டலத்தைப் பெரிதாகக் கட்டினேன். வாங்கியதும் அரை ஓட்டமாகப் போனார். பட்டறைக்காரர் பென்சில் போலக் காதில் செருகியிருந்த பீடியை எடுத்தபடி, "எழுதலியா?" என்றார். நக்கல்தான். அன்று குறிப்பேட்டில் ஒன்றும் எழுதவில்லை. தொடங்கியதிலிருந்து காலியாக விட்ட ஒரே ஞாயிறு அது.

அடுத்த ஞாயிறும் காவலாளி வந்தார், இரண்டு வாங்கினார். போகும்போது திரும்பி, "அக்கா சொல்லுது, போன வாரம் உப்பு கம்மி," என்று சொல்லிவிட்டு ஓடினார். பட்டறைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை மட்டும் உப்பு டப்பாவுக்குப் போயிற்று. உப்பு கம்மி என்று சொல்லியனுப்புகிறவர் முழுதாகப் போய்விடவில்லை என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கோபமாகவும் இருக்கலாமே என்று இன்னொரு மனம் சொன்னது. ரயிலில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வொன்று நிஜமாகத் தோன்றியது.

நாற்பத்தாறாவது ஞாயிறு. கார்த்திகை பிறந்துவிட்டது. தூறல். எலுமிச்சை சாதம். வரிசையில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ அந்த அம்மா நின்றார், கூடையோடு. யாரும் யாரையும் பார்க்காத மாதிரி வரிசை நகர்ந்தது. என் முறை வந்தது, அதாவது அவருக்கு நான் பரிமாற வேண்டிய முறை.

"இன்னா எழுதப்போற இன்னிக்கி?"

"எலுமிச்சை சாதம். தூறல்."

"அப்பறம்?"

"அவ்ளோதாம்மா."

"ஆளு?"

"ஆளு இல்ல."

தட்டில் விழுந்த சாதத்திலிருந்து நாலு பருக்கையை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். "இன்னிக்கும் கம்மிதான். அத்த எழுது." பிறகு தயங்காமல் கூடையை நீட்டினார். பொட்டலத்தை வைத்தேன். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பதை நானும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் பரிமாறி முடித்து, தட்டெடுத்துக்கொண்டு திரும்பினேன். மதிலோரம் முழுக்க ஆட்கள். யார் பக்கத்தில் உட்காருவது என்று ஒவ்வொரு வாரமும் வரும் குழப்பம் அன்று அதிகமாகவே இருந்தது. அவர் பக்கம் போகக் கால் வரவில்லை. பீகார்ப் பையன்கள் இருந்த கோடியைப் பார்த்து நடந்தேன்.

"சார்."

கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டிருந்தார்.

"தெரியாத ஆளாண்ட குந்தித் துன்னணும்னு உங்களாண்ட ரூல் கீதுல்ல?"

"ஆமாம்மா."

"அப்போ இங்க குந்து. என்னிய உனுக்குத் தெரியாது."